வானவில் கொடியில் ஆறு பட்டையா, எட்டா? முக்கோணம் எந்தப் பக்கம் பார்க்கணும்?

கேள்விக்குறி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஜூன் மாதக் கண்காட்சி ஒன்றுக்காக எல்ஜிபிடி சின்னங்களின் வரலாறு பற்றிப் பத்துப் பதாகைகளும், வாசலில் தொங்கவிட 4 அடிக்கு 6 அடியில் ஒரு வானவில் கொடியும் செய்ய வேண்டும். பதாகைகள் அச்சுக்குப் போகும். கொடி மட்டும் துணி வெட்டித் தைப்பது.

தேடத் தேடக் குழப்பம்தான் கூடுகிறது. ஒரு படத்தில் ஆறு பட்டை, இன்னொன்றில் எட்டு, மூன்றாவதில் ஏழு. எது சரி? செங்குத்தாகத் தொங்கவிட்டால் சிவப்பு எந்தப் பக்கம் வர வேண்டும்?

இளஞ்சிவப்பு முக்கோணம் சில இடங்களில் கூர்முனை கீழே பார்க்கிறது, சில இடங்களில் மேலே. இது அச்சுப் பிழையா, வேறு வேறு பொருளா? பெண்களுக்கும் அதே முக்கோணம்தானா?

திருநர் கொடி, இருபாலீர்ப்புக் கொடி, ஊடுபால் (ஆண், பெண் என்ற உடல் வரையறைக்குள் அடங்காமல் பிறந்தவர்கள்) கொடி மூன்றுக்கும் அளவு விகிதம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நிறத்துக்கு எண் கொடுத்தால் அச்சகத்தில் கொடுக்க வசதி. கடைசியாக, தமிழுக்கென்று தனிச் சின்னம் ஏதாவது உண்டா? கூவாகம் தாலியைப் போடலாம் என்று ஒருவர் சொன்னார், சரியா எனத் தெரியவில்லை.

---

ஓரத்தையல் எழுதியது:

ஏழு வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிவப்பு மேலே, ஊதா கீழே என்று ஏழு பட்டை வைத்துத் தைத்தால் நம் ஊரில் அது கூட்டுறவுக் கொடி. நவம்பர் 14 முதல் 20 வரை கூட்டுறவு வார விழாவில் சங்கக் கட்டடங்களின் முன் ஏற்றுவார்களே, அதே ஏழு நிறம். சர்வதேசக் கூட்டுறவு இயக்கம் 1920களிலேயே எடுத்துக்கொண்ட கொடி அது. இத்தாலியில் பால்கனிக்குப் பால்கனி தொங்கும் அமைதிக் கொடியும் ஏழு பட்டைதான். ஆனால் அதில் ஊதா மேலே இருக்கும், நடுவில் ‘பாச்சே’ என்று இத்தாலியச் சொல் எழுதியிருக்கும். ஆகவே உங்கள் முன் இருப்பவை ஆறும் எட்டும்தான். இரண்டும் சரி, காலம்தான் வேறு.

எட்டுப் பட்டைதான் மூலம். 1978 ஜூன் 25, சான்ஃபிரான்சிஸ்கோ ஊர்வலத்தன்று ஐக்கிய நாடுகள் சதுக்கத்தில் ஏறிய இரண்டு கொடிகள். ஒவ்வொன்றும் 30 அடிக்கு 60 அடி. கொடியை வடிவமைத்த கில்பர்ட் பேக்கரும் சுமார் 30 தன்னார்வலர்களும் 330 குரோவ் தெருவில் இருந்த சமூக மையத்தின் மேல்மாடியில் வைத்துச் சாயமிட்டுத் தைத்தார்கள். துணி பருத்தி மஸ்லின், நம் காடாத் துணிக்குப் பக்கத்து உறவு. சாயத் தொட்டி கிடையாது, குப்பைத்தொட்டி டிரம்களில் கலக்கினார்கள். அலசுவதற்குக் காசு போட்டால் ஓடும் பொதுச் சலவை இயந்திரம். அங்கே சாயத் துணி போடக்கூடாது என்பதால் இரவில் ஆள் போன பிறகு போட்டு, முடிந்ததும் பிளீச் ஊற்றி ஓட்டிவிட்டு வந்ததாகப் பேக்கரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். இரண்டு கொடிகளில் ஒன்றின் மூலையில் அமெரிக்கக் கொடியைப் போல நீலக் கட்டமும் முடிச்சுச் சாயத்தில் எடுத்த நட்சத்திரங்களும் இருந்தன. அது பின்னாளில் வழக்கொழிந்துவிட்டது.

மேலிருந்து கீழாக எட்டு நிறமும் பேக்கர் கொடுத்த பொருளும்: ராணி பிங்க் காமம், சிவப்பு உயிர், ஆரஞ்சு குணமாதல், மஞ்சள் சூரிய ஒளி, பச்சை இயற்கை, ராமா கிரீன் கலையும் மாயமும், அவுரி நீலம் அமைதி, ஊதா ஆன்மா. பதாகையில் தமிழாக்கும்போது இரண்டு இடத்தில் கால் வழுக்கும். ஒன்று, பிங்க்குக்குப் ‘பாலினம்’ என்று எழுதிவிடுகிறார்கள். அது ஆண், பெண் என்கிற வகை. இங்கே சொல்லவந்தது உடலின்பம். வள்ளுவர் ஒரு பாலையே காமத்துக்குக் கொடுத்த மொழியில் அந்தச் சொல்லைக் கூச்சமில்லாமல் எழுதலாம். இன்னொன்று, ஆரஞ்சுக்கு ‘மருத்துவம்’, ‘சிகிச்சை’ என்று போடாதீர்கள். தன்பாலீர்ப்பையே நோயாகப் பார்த்து ‘மாற்றுச் சிகிச்சை’ என்று ஆட்களை வதைத்த வரலாறு இருக்கும்போது, கண்காட்சியில் அந்தச் சொல் நேர் எதிர்ப் பொருளைக் கொடுக்கும். குணமாதல் போதும்.

இனி, எட்டு எப்படி ஆறானது? கொள்கை மாறியதால் அல்ல. முதலில் துணி கிடைக்கவில்லை, அடுத்து கம்பம் மறைத்தது. தன்பாலீர்ப்பை வெளிப்படையாகச் சொல்லி சான்ஃபிரான்சிஸ்கோ நகர மன்ற உறுப்பினரான ஹார்வி மில்க் 1978 நவம்பர் 27 அன்று சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு கொடிக்குத் தேவை திடீரென்று கூடியது. கையால் சாயமிட்டுக் கட்டுப்படியாகாது. கொடி நிறுவனத்தில் கேட்டால் ராணி பிங்க் துணி மொத்தமாகக் கிடைக்கவில்லை. பிங்க் போனது, ஏழு மிஞ்சியது. அடுத்த ஆண்டு மார்க்கெட் தெரு விளக்குக் கம்பங்களில் செங்குத்தாகத் தொங்கவிட்டபோது ஏழில் நடுப்பட்டை கம்பத்துக்குப் பின்னால் மறைந்தது. கம்பத்துக்கு இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று என்று இரட்டைப்படையாக்க ராமா கிரீனை எடுத்தார்கள். அவுரி நீலம் ராயல் புளூ ஆனது. அப்போது நிலைத்த ஆறுதான் இன்றுவரை. நீங்கள் பார்த்த ஏழு பட்டைப் படம் இந்த இடைக்காலத்தது.

உங்கள் வாசலுக்கு ஆறு தையுங்கள். எட்டை 1978 பற்றிய பதாகையில் படமாகப் போடுங்கள்.

தையல் கணக்கு. 4 அடி என்றால் 48 அங்குலம், ஆறு பட்டைக்கு முடிந்த அகலம் 8 அங்குலம். உள்பட்டைகள் நான்கையும் 9 அங்குலமாக வெட்டுங்கள் (இருபுறமும் அரை அங்குலம் தையலுக்கு). வெளிப்பட்டைகளான சிவப்பும் ஊதாவும் 9½ (ஒருபுறம் அரை, ஓரம் மடிக்க ஒன்று). நீளம் எல்லாவற்றுக்கும் 76 அங்குலம்: 72, ஒரு முனையில் மடிக்க 1, மறுமுனையில் குழாய் நுழையும் உறைக்கு 3. அந்த 3 அங்குலத்தில் அரையை உள்ளே மடித்து, மீதி 2½ஐப் புரட்டித் தைத்தால் ஒரு அங்குல பிவிசி குழாய் தாராளமாகப் போகும்.

44 அங்குலப் பன்னா (துணியின் அகலம்) உள்ள பாப்ளின் வாங்கினால் நிறத்துக்கு 2¼ மீட்டர் வேண்டும். 2 மீட்டரிலேயே 76 அங்குலம் அடங்கிவிடுமே என்று தோன்றும். பருத்தி 5 சதவீதம் வரை சுருங்கினால் அடங்காது. எனவே நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட்ட பிறகே வெட்டுங்கள். அந்தப் பன்னாவில் நான்கு பட்டை வரும், அதாவது ஒரு கொடிக்கு வாங்கும் துணியில் நான்கு கொடி. மீட்டரை மிச்சம் பிடிக்க ஒரு பட்டையை நீளவாட்டிலும், இன்னொன்றைக் குறுக்குவாட்டில் இரண்டு துண்டாகவும் வெட்டி இணைப்பதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. குறுக்கே வெட்டிய துணி அதிகம் இழுபடும். தொங்கவிட்ட இரண்டாம் நாளே அந்தப் பட்டை அலை அலையாகச் சுருண்டு நிற்கும். ஆறும் நீளவாட்டிலேயே வெட்டுங்கள்.

சாயம் போவது அடுத்த தலைவலி. சிவப்பும் ஊதாவும் மஞ்சளில் ஏறும். ஈர வெள்ளைக் கைக்குட்டையால் ஒவ்வொரு துணியையும் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். நிறம் வந்தால் தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். உப்பு, வினிகர் வைத்தியம் கடையில் வாங்கிய துணியில் பலிக்காது. உப்பு சாயமேற்றும்போது நூலுக்குள் தள்ள உதவும் பொருள், ஏற்கெனவே ஒட்டாமல் மிஞ்சியிருக்கும் சாயத்தை அது பூட்டாது. கடையில் நீலம் கேட்கும்போது எம்.எஸ். புளூ எடுத்துக் காட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பச்சைக்குப் பக்கத்தில் வைத்தால் அது மங்கிவிடும். ராயல் புளூதான்.

தொங்கவிடுவது: செங்குத்தாகப் போட்டால் பார்ப்பவரின் இடக்கைப் பக்கம் சிவப்பு வருவதுதான் வழக்கம். கொடிக்கம்பத்தில் பறக்கும் நிலையிலிருந்து உறை மேலே வரும்படி அப்படியே திருப்பினால் சிவப்பு வலப்பக்கம் போய்விடும். தைத்த கொடிக்கு முன்பின் கிடையாது, புரட்டிப் போட்டால் தீர்ந்தது. ஒருபக்கம் மட்டும் அச்சடித்த கொடி என்றால் தப்பிக்க வழியில்லை, வடிவமைக்கும்போதே கவனிக்க வேண்டும்.

---

பழையகாகிதம் எழுதியது:

ஓரத்தையல் சொன்னதில் ஒரு சேர்க்கை மட்டும். பேக்கர் பெயர் ஒன்றையே போட்டால் பதாகை பாதி உண்மைதான். சாயமிடும் வேலையை முன்னின்று நடத்தியவர் லின் செகர்ப்ளோம், அந்த முடிச்சுச் சாய நட்சத்திரங்கள் அவர் கைவேலை. தையலில் ஜேம்ஸ் மெக்நமாரா. மூன்று பெயரும் போடுங்கள்.

முக்கோணத்துக்கு வருகிறேன். அச்சுப் பிழை இல்லை. கீழே பார்ப்பது நாஜி வதைமுகாம், மேலே பார்ப்பது 1987 நியூயார்க். இரண்டையும் ஒரே பதாகையில் போட்டு ஒரே விளக்கம் எழுதுவதுதான் பிழை.

முகாம்களில் கைதியின் மேல்சட்டை இடமார்பிலும் கால்சட்டையிலும் துணி முக்கோணம் தைத்திருப்பார்கள், கூர்முனை கீழ்நோக்கி. சிவப்பு அரசியல் கைதி, பச்சை குற்றவாளி என்று முத்திரை குத்தப்பட்டவர், ஊதா யெகோவாவின் சாட்சிகள், நீலம் நாடு திரும்பிய புலம்பெயர்ந்தோர், கறுப்பு ‘சமூக விரோதி’, இளஞ்சிவப்பு தன்பாலீர்ப்புக் குற்றத்துக்கு அடைக்கப்பட்ட ஆண்கள். யூதராகவும் இருந்தால் அடியில் இன்னொரு மஞ்சள் முக்கோணம் சேர்ந்து ஆறுமுனை நட்சத்திரமாகும். முறைப்படுத்துவதற்கு முன் சில முகாம்களில் 175 என்ற எண்ணையே உடையில் குத்தியதும் உண்டு. அந்த எண், ஆண்களுக்கிடையேயான உறவைக் குற்றமாக்கிய ஜெர்மானியத் தண்டனைச் சட்டத்தின் 175ஆம் பிரிவு. 1871இல் வந்தது, 1935இல் நாஜிகள் அதை இன்னும் கடுமையாக்கினார்கள்.

எண்ணிக்கை எழுதும்போது கவனம். இணையத்தில் லட்சக்கணக்கில் முகாமில் செத்ததாக ஓடுகிறது, அது தவறு. கைதானவர்கள் ஏறத்தாழ 1,00,000 பேர், தண்டனை பெற்றவர்கள் 50,000க்கு மேல், முகாமுக்கு அனுப்பப்பட்டவர்கள் 5,000 முதல் 15,000 வரை என்பதே ஆய்வாளர்கள் ஏற்கும் கணக்கு. அவர்களில் இறந்தோர் சுமார் 60 சதவீதம் இருக்கலாம் என்பது ருடிகர் லவுட்மன் என்ற சமூகவியலாளரின் மதிப்பீடு. எண்ணைப் பெருக்கி எழுதினால்தான் துயரம் தெரியும் என்பதில்லை. யாராவது ஒரு பார்வையாளர் அந்த ஒரு எண்ணைப் பொய்யென்று காட்டினால் பத்துப் பதாகையும் சேர்ந்து விழும்.

பலரும் தவறவிடும் பகுதி 1945க்குப் பிறகு வருவது. முகாம்கள் திறந்தன, சட்டம் திறக்கவில்லை. நாஜிகள் கடுமையாக்கிய அதே வடிவத்தில் 175ஆம் பிரிவு மேற்கு ஜெர்மனியில் 1969 வரை இருந்தது. அந்தக் காலத்தில் மட்டும் இன்னொரு 50,000 தண்டனைகள். முழுதாக நீங்கியது 1994இல். நாஜிக் காலத் தீர்ப்புகள் 2002இலும், போருக்குப் பிந்தைய தீர்ப்புகள் 2017இலும்தான் ரத்தாயின. இளஞ்சிவப்பு முக்கோணம் அணிந்தவர்கள் பல ஆண்டுகள் வெளியே பேசாமல் இருந்ததற்குக் காரணம் இங்கே இருக்கிறது. பேசினால் அதுவே குற்ற ஒப்புதல். ஆஸ்திரியரான யோசஃப் கோஹுட்டின் முகாம் அனுபவம் புனைபெயரில் நூலாக வந்தது 1972இல். அவர் அணிந்திருந்த முக்கோணமும் 1896 என்ற கைதி எண்ணும் இப்போது வாஷிங்டனில் உள்ள ஹோலோகாஸ்ட் நினைவு அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

பெண்கள் பற்றி: 175ஆம் பிரிவு ஆண்களை மட்டுமே குறித்தது, அதனால் பெண்களுக்கு இளஞ்சிவப்பு முக்கோணம் கிடையாது. அதற்காகப் பெண்கள் தப்பினார்கள் என்று எழுதிவிடாதீர்கள். ஆஸ்திரியச் சட்டத்தின் 129ஆம் பிரிவு பெண்களையும் தண்டித்தது. வேறு காரணம் சொல்லி முகாமுக்கு அனுப்பப்பட்ட தன்பாலீர்ப்புப் பெண்களில் சிலர் கறுப்பு முக்கோணம் அணிந்தார்கள். பிற்காலத்தில் லெஸ்பியன் இயக்கங்கள் கறுப்பைத் தங்கள் சின்னமாக எடுத்துக்கொண்டது இதிலிருந்துதான். ஆனால் கறுப்பு முக்கோணம் லெஸ்பியன்களுக்கென்றே இருந்த வில்லை அல்ல. வீடற்றோர், பாலியல் தொழிலாளர்கள், ரோமா என்ற சிறுபான்மை இன மக்கள் பலரும் அதன் கீழ் அடைக்கப்பட்டார்கள்.

இழிவுக் குறியாக இருந்த இளஞ்சிவப்பு முக்கோணத்தை இயக்கங்கள் தங்கள் சின்னமாக மீட்டெடுப்பது 1970களின் தொடக்கத்தில் மேற்கு பெர்லினில் தொடங்கியது. மேலே பார்க்கும் முக்கோணம், நியூயார்க்கில் ஆறு பேர் குழு ஒட்டிய சுவரொட்டியில் வந்தது. கறுப்புப் பின்னணி, நடுவில் பளிச்சென்ற பிங்க், அடியில் வெள்ளை எழுத்தில் ‘சைலன்ஸ் = டெத்’, அதாவது மௌனம் = மரணம். எய்ட்ஸ் சாவுகளைப் பற்றி அரசு வாய் திறக்காத காலம். 1987 மார்ச்சில் உருவான ஆக்ட் அப் அமைப்பு அதைக் கையிலெடுத்தது. ஆகவே முகாம் பதாகையில் கீழ்நோக்கி, எய்ட்ஸ் பதாகையில் மேல்நோக்கி.

இன்னும் ஒரு பதாகைக்கு இடமிருந்தால் ஆம்ஸ்டர்டாமில் தன்பாலீர்ப்பாளர்களுக்கான நினைவுச்சின்னமான ஹோமோமான்யுமெண்டைப் போடுங்கள். 1987 செப்டம்பரில் திறந்தது, காரின் தான் வடிவமைத்தது. பக்கத்துக்கு 10 மீட்டர் அளவில் மூன்று இளஞ்சிவப்புக் கருங்கல் முக்கோணங்கள், மூன்றும் சேர்ந்து 36 மீட்டர் பெரிய முக்கோணம் ஒன்றைக் குறிக்கும். ஒன்று கால்வாய்த் தண்ணீருக்குள் படியாக இறங்கும். ஒரு முனை ஆன் ஃபிராங்க் வீட்டைப் பார்க்கும், இன்னொன்று தேசியப் போர் நினைவிடத்தை.

வரையும்போது சமபக்க முக்கோணமாக வரையுங்கள். பக்கம் 20 செ.மீ. என்றால் உயரம் 17.3 செ.மீ. (பக்கத்தை 0.866ஆல் பெருக்கினால் உயரம்). கணினியில் முக்கோணக் கருவியை இழுத்தால் வருவது பெரும்பாலும் ஒல்லியாக நீண்டிருக்கும். கடைசியாக, நம் ஊருக்கென்றே ஒரு வில்லங்கம்: கீழ்நோக்கிய சிவப்பு முக்கோணம் இந்தியாவில் குடும்பக் கட்டுப்பாட்டுச் சின்னம். ஐம்பது வயதைத் தாண்டிய யாரும் ‘நாம் இருவர், நமக்கு இருவர்’ என்றுதான் படிப்பார்கள். அச்சில் பிங்க் சற்றுச் சிவந்தால் அவ்வளவுதான்.

---

அச்சுமை எழுதியது:

பழையகாகிதம் பயந்தது நியாயம். அந்த பிங்க்குக்கு அச்சு மைக் கணக்கில், சதவீதமாக, மெஜந்தா 75 முதல் 80, மஞ்சள் 10க்குள், சியான் சுழியம், கறுப்பு சுழியம் என்று கொடுங்கள். மஞ்சள் 60ஐத் தாண்டினால் ஆரம்ப சுகாதார நிலையத்துச் சுவர்தான்.

நிற எண்கள் ஆர்ஜிபியில் தருகிறேன், சிவப்பு-பச்சை-நீலம் வரிசை.

ஆறு பட்டை வானவில்: சிவப்பு 228-3-3, ஆரஞ்சு 255-140-0, மஞ்சள் 255-237-0, பச்சை 0-128-38, நீலம் 0-77-255, ஊதா 117-7-135.

திருநர் கொடி: இளநீலம் 91-206-250, இளம்பிங்க் 245-169-184, வெள்ளை. ஐந்து சமப் பட்டை, நீலம்-பிங்க்-வெள்ளை-பிங்க்-நீலம். அமெரிக்கக் கடற்படையில் இருந்த மோனிகா ஹெல்ம்ஸ் 1999இல் வடிவமைத்தது, 2000இல் பீனிக்ஸ் நகர ஊர்வலத்தில் முதலில் பறந்தது. நீலம் வழக்கமாக ஆண் குழந்தைக்கு, பிங்க் பெண் குழந்தைக்கு. வெள்ளை மாறிக்கொண்டிருப்போருக்கும், ஊடுபாலினருக்கும், எந்தப் பாலினத்திலும் தங்களை வைக்காதவருக்கும். தலைகீழாகப் பிடித்தாலும் ஒன்றே. எப்படிப் பிடித்தாலும் சரியாக இருக்க வேண்டும் என்றே அப்படி அமைத்தார், வாழ்க்கையில் தாங்கள் தேடுவதும் அந்தச் ‘சரி’தான் என்று. தொங்கவிடுபவருக்கு இதைவிட நிம்மதியான கொடி கிடையாது.

இருபாலீர்ப்புக் கொடி: மெஜந்தா 214-2-112, நடு ஊதா 155-79-150, நீலம் 0-56-168. இங்கே பட்டைகள் சமமில்லை, 2:1:2. உயரம் 40 செ.மீ. என்றால் 16, 8, 16. மைக்கேல் பேஜ், 1998 டிசம்பர் 5. மேலே தன்பால் ஈர்ப்பு, கீழே எதிர்பால் ஈர்ப்பு, நடுவில் இரண்டும் கலக்கும் இடம். அந்த ஊதா இரண்டுக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாமல் கரைவதுதான் அவர் சொல்லவந்தது: இருபாலீர்ப்புள்ளவர்கள் இரு பக்கக் கூட்டத்திலும் தெரியாமல் போகிறார்கள் என்று. மூன்றையும் சமமாக அச்சடித்தால் அந்தக் கருத்து போய்விடும், மூவர்ணத் துணி மட்டும் மிஞ்சும். இணையப் படங்களில் பாதி இப்படிச் சமமாகத்தான் இருக்கின்றன, நேரடியாக இறக்கி ஒட்டாதீர்கள்.

ஊடுபால் கொடி: மஞ்சள் 255-216-0 தளம், நடுவில் ஊதா 121-2-170 வளையம். 2013இல் ஆஸ்திரேலியாவின் மார்கன் கார்பென்டர் செய்தது. ஆண்-பெண் என்று யாரும் உரிமை கோராத இரண்டு நிறங்களைத் தேடி எடுத்தார். வளையம் அறுபடாத முழுமை. பிறந்த குழந்தைகளுக்கே ‘திருத்த’ அறுவை செய்யும் வழக்கத்தை வைத்துப் பார்த்தால் அந்த அறுபடாத கோடு எதைச் சொல்கிறது என்று புரியும். ஆகவே வளையத்தின் மேல் எழுத்தோ, லோகோவோ, நட்சத்திரமோ ஏற்றக்கூடாது.

பதாகை ஃப்ளெக்ஸில் என்றால் முதலில் கெட்டுப்போவது ஊதா. ஆர்ஜிபி கோப்பை அப்படியே கொடுத்தால் இயந்திரம் சிஎம்ஒய்கேவுக்கு (சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மை முறை) மாற்றும்போது நீலமும் ஊதாவும் ஒன்றாகிவிடும், ஆறு பட்டை ஐந்தாகத் தெரியும். நீங்களே மாற்றிக் கொடுங்கள். நீலத்தில் சியான் 100, மெஜந்தா 70க்குள். ஊதாவில் மெஜந்தா 100, சியான் 65க்குள். இரண்டு மையும் குறைந்தது 30 புள்ளி விலகி நின்றால்தான் நிறம் பிரியும். திருநர் கொடியின் இளநிறங்கள் வெயிலில் வேகமாக வெளுக்கும், அதிலும் பிங்க் முந்திப் போகும். அந்தப் பதாகையை உள்சுவரில் வையுங்கள். முழு அச்சுக்கு முன் ஆறு நிறத்தையும் ஒரு அடித் துண்டில் போட்டுப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள், கடை டியூப் லைட்டை நம்ப வேண்டாம்.

அம்புமுனை வைத்த புதிய கொடியும் கேட்பார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். 2017இல் ஃபிலடெல்ஃபியா நகரம் ஆறு பட்டைக்கு மேல் கறுப்பும் பழுப்பும் சேர்த்தது. 2018இல் டேனியல் குவாசர் அவற்றையும் திருநர் நிறங்களையும் இடது ஓரத்தில் அம்புமுனையாக மடித்து வைத்தார். 2021இல் வாலன்டினோ வெக்கியெட்டி அதற்குள் ஊடுபால் வளையத்தையும் வைத்தார். அம்பு வலப்பக்கம் பார்ப்பது முன்னே போவதற்கு; இடது ஓரத்தில் நிற்பது, இன்னும் போகவேண்டிய தூரம் கிடக்கிறது என்பதற்கு. பின்பக்கம் திருப்பினால் அம்பு பின்னோக்கிப் போகும். அழகியல் கேட்டால், தூரத்திலிருந்து ஆறு பட்டைதான் தெளிவு. பத்தடிக்கு அப்பால் அந்த அம்பு வெறும் நெரிசல். குவாசர் தன் வடிவத்தை வணிகம் அல்லாத பயன்பாட்டுக்கு என்ற நிபந்தனையோடு வெளியிட்டார், எனவே டி-சர்ட் விற்பதாக இருந்தால் முதலில் உரிமத்தைப் பாருங்கள். பேக்கரின் கொடிக்கு அந்தக் கவலை இல்லை, அவர் அதற்கு உரிமை கோரவே மறுத்தார்.

---

கேள்விக்குறி எழுதியது:

அண்ணா, அக்கா எல்லாருக்கும் நன்றி. ஏழு பட்டைக்குத்தான் துணி எடுத்து வைத்திருந்தேன், நல்லவேளை. இன்னும் இரண்டு மட்டும். லாம்ப்டா என்கிற கிரேக்க எழுத்தும் சின்னம் என்கிறார்களே, போடலாமா? பதாகையில் வானவில் கொடி எமோஜி போட்டால் பிடிஎஃப்பில் வெள்ளைக் கொடியும் வானவில்லும் தனித்தனியாக வருகிறது. கூவாகம் விஷயத்துக்கும் யாராவது பதில் சொல்லுங்கள்.

---

நடுப்பக்கம் எழுதியது:

லாம்ப்டா போடலாம், ஆனால் காலம் குறிப்பிட்டு. 1970இல் நியூயார்க்கின் கே ஆக்டிவிஸ்ட்ஸ் அலையன்ஸுக்காக டாம் டோர் தேர்ந்தெடுத்த சின்னம் அது, ஆற்றல் பரிமாற்றத்தைக் குறிக்கும் அறிவியல் குறியீடு என்ற விளக்கத்தோடு. வானவில் கொடிக்கு எட்டு ஆண்டு மூத்தது. 1974இல் எடின்பரோவில் நடந்த சர்வதேச மாநாடு அதை ஏற்றுக்கொண்டது. விவரம் அறிந்தவருக்கு மட்டும் புரியும் என்பது அந்தக் காலத்தில் அதன் பலம், சட்டையில் குத்திக்கொண்டு அலுவலகம் போகலாம். இன்று அதுவே பலவீனம். சிறிய எழுத்து வடிவத்தையே பயன்படுத்துங்கள். பெரிய எழுத்து கூரை போல இருக்கும், ஸ்பார்ட்டாக்காரர்களின் கேடயம் நினைவுக்கு வரும். பல தமிழ் எழுத்துருக்களில் கிரேக்க எழுத்து இல்லாததால் வெறும் கட்டம்தான் வரும். கோட்டு வடிவமாக மாற்றிவிட்டு அச்சுக்குக் கொடுங்கள்.

எமோஜி உடைவதற்குக் காரணம், அது ஒற்றை எழுத்தே இல்லை. வெள்ளைக் கொடி, கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறி, வானவில் மூன்றும் சேர்ந்த வரிசை. 2016இல் இப்படித்தான் சேர்த்தார்கள். 2020இல் வந்த திருநர் கொடியும் வெள்ளைக் கொடியோடு திருநர் குறியை ஒட்டியதே. மென்பொருளுக்கோ எழுத்துருவுக்கோ அந்த வரிசை தெரியாவிட்டால் துண்டு துண்டாகக் காட்டும். சரிசெய்ய முயன்று நேரம் கெடுக்காதீர்கள், படமாக வரைந்து ஒட்டுங்கள்.

கூவாகம் தாலியைச் சின்னமாகப் போட வேண்டாம் என்பது என் கருத்து. கள்ளக்குறிச்சி மாவட்டக் கூவாகத்தில் சித்திரை மாதம் கூத்தாண்டவரான அரவானுக்குத் தாலி கட்டிக்கொள்வதும், மறுநாள் களப்பலிக்குப் பின் தாலி அறுத்து வெள்ளை உடுத்துவதும் ஒரு சடங்கு, நேர்த்திக்கடன். அதில் பங்கேற்காத திருநங்கைகள் ஏராளம், திருநம்பிகளுக்கு அதில் இடமே இல்லை. அறுக்கப்படும் தாலியை ஒட்டுமொத்தச் சமூகத்தின் லோகோவாக மாற்றினால் ஒப்பாரியை மட்டும் எடுத்துச் சுவரில் மாட்டியதாகும். கூவாகம் பற்றித் தனிப் பதாகை வையுங்கள், மகாபாரதக் கதையோடு. சின்ன வரிசையில் வேண்டாம்.

தமிழுக்கென்று தனிக் கொடி எதுவும் பொதுவழக்கில் இல்லை. சென்னையில் 2009 ஜூனில் நடந்த முதல் பேரணியிலிருந்து பறப்பது ஆறு பட்டையேதான். தமிழ் தந்தது சொற்கள். திருநங்கை, திருநம்பி, ஊடுபால், தன்பாலீர்ப்பு, பால்புதுமையினர். ‘பிரைடு’ என்பதற்குப் பெருமை என்று நிறுத்தாமல் சுயமரியாதை என்ற சொல்லையும் இங்கே எடுத்துக்கொண்டார்கள், அதற்கு இந்த மண்ணில் இருக்கும் எடை உங்களுக்குத் தெரியும். சென்னை உயர் நீதிமன்ற வழக்கைத் தொடர்ந்து 2022இல் தமிழ்நாடு அரசு இத்தகைய சொற்களின் பட்டியலை அரசிதழிலேயே வெளியிட்டது. பத்தாவது பதாகையை அந்தச் சொற்களுக்குக் கொடுங்கள். பழைய இழிசொற்களை ‘முன்பு இப்படி அழைத்தார்கள்’ என்று பெரிய எழுத்தில் அச்சிடாதீர்கள். தூரத்திலிருந்து படமெடுப்பவரின் கேமராவில் அந்த ஒரு சொல் மட்டும்தான் விழும்.

---

ஓரத்தையல் எழுதியது:

ஏழு பட்டைக்கு எடுத்த துணி வீணில்லை. மிஞ்சியது ராமா கிரீன்தானே? அதோடு 2¼ மீட்டர் ராணி பிங்க் மட்டும் வாங்கினால், இருக்கும் துணியிலேயே எட்டுப் பட்டைக் கொடி ஒன்றும் வரும். ராயல் புளூவையே அவுரி இடத்தில் வைக்கலாம், வித்தியாசத்தைப் பதாகையில் ஒரு வரி எழுதிவிடுங்கள். அப்போது பட்டை அகலம் 6 அங்குலம் ஆகிவிடும்: உள்பட்டை 7, வெளிப்பட்டை 7½ என்று வெட்டுங்கள். வெளிப்பட்டை இப்போது பிங்க்கும் ஊதாவும், சிவப்பு உள்ளே போய்விடும், அதை மறந்து 7½ வெட்டிவிடாதீர்கள்.